பாதம் கழுவிய அரசர்கள்

வீடு தேடி வந்த விருந்தினருக்குக் கால் அலம்ப நீர் கொடுப்பது கீழை நாடுகள் பலவற்றில் பழைய வழக்கம். நம்மவர் திருமணங்களில் பெண்ணைப் பெற்றவர் மணமகனின் பாதங்களைக் கழுவுவதும் உண்டு. இங்கெல்லாம் கழுவுபவர் பணிந்து நிற்பார், கழுவப்படுபவர் உயர்ந்திருப்பார். பண்டைப் பாலத்தீன நாட்டிலும் முறை இதுவே. புழுதி படிந்த செருப்பைக் கழற்றிக் காலைக் கழுவுவது அங்கே அடிமைகளின் வேலையாக இருந்தது.

இம்முறையைத் தலைகீழாக்கிய நிகழ்ச்சியை யோவானின் நற்செய்தி நூல் கூறுகிறது. இயேசு பெருமான் தாம் கைது செய்யப்படுவதற்கு முந்திய வேளையில், இராவுணவின் நடுவே எழுந்தார்; மேலாடையைக் களைந்தார்; ஒரு துண்டை இடுப்பில் கட்டிக் கொண்டார்; பாத்திரத்தில் நீர் வார்த்துச் சீடரின் பாதங்களைக் கழுவித் துடைத்தார். பேதுரு மறுத்தார். ஆசானாவது, மாணவன் காலைத் தொடுவதாவது என்று அவருக்கு மனம் கூசியது. ஆனால் சற்று நேரத்தில் தம்மைக் காட்டிக் கொடுக்கப் போகின்ற யூதாசும் அந்தப் பந்தியில்தான் இருந்தான். அவன் கால் விலக்கப்பட்டதாக நூலில் இல்லை. ஏனைய மூன்று நற்செய்தி நூல்களும் அவ்விரவில் அப்பம் பிட்டுக் கொடுத்ததை விரித்துரைக்கின்றன. யோவானோ அதைச் சொல்லாது, இதைச் சொன்னார்.

தொடக்கக் காலச் சபையில் இது சடங்காக இருக்கவில்லை. வீட்டு வேலையாகவே இருந்தது. சபையின் கைம்பெண்கள் பட்டியலில் சேர்க்கப்படுவதற்குரிய தகுதிகளை, தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் கடிதம் கூறுகிறது. பிள்ளைகளை வளர்த்தல், விருந்தோம்பல், துன்புற்றோருக்கு உதவுதல் ஆகியவற்றோடு, இறையடியார்களின் பாதங்களைக் கழுவுதலும் அங்கே வரிசையில் ஒன்றாக நிற்கிறது.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு மோந்தே கசீனோ மலையில் மடம் அமைத்த புனித பெனடிக்டு, தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கிலும் இந்த வீட்டு வேலைத் தன்மை மாறவில்லை. அம்மடத்தில் சமையற்கட்டுப் பணி வாரம் ஒருவர் முறை. சனிக்கிழமையன்று, வாரம் முடித்துச் செல்பவரும் அடுத்த வாரம் ஏற்பவரும் சேர்ந்து மடத்தார் அனைவரின் பாதங்களையும் கழுவ வேண்டும். கை கால் துடைத்த துணிகளைத் துவைத்து வைப்பதும் வாரம் முடித்தவரின் பொறுப்பே. வழிப்போக்கர் வந்தால் மடத்துத் தலைவரே அவருடைய கைக்கு நீர் வார்ப்பார். பாதங்களைத் தலைவரும் துறவியரும் சேர்ந்து கழுவுவர். ஏழைகளை மிகுந்த கவனத்தோடு ஏற்க வேண்டும் என்றும், செல்வர்க்குரிய மதிப்பை அவர்மேல் உள்ள அச்சமே தேடிக் கொடுத்துவிடும் என்றும் பெனடிக்டு எழுதி வைத்தார். உலகியல் அறிந்த துறவி அவர்!

ஆண்டுக்கு ஒரு நாள், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய வியாழக்கிழமை, என்று இப்பணி சுருங்கியது பின்னர்தான். கி. பி. 694-இல் ஸ்பெயின் நாட்டுத் தொலேதோ நகரில் கூடிய ஆயர் மன்றம், அந்நாளில் ஆயர்களும் குருக்களும் தமக்குக் கீழ்ப்பட்டோரின் பாதங்களைக் கழுவியே தீர வேண்டும் என்றும், தவறினால் தண்டனை உண்டு என்றும் விதித்தது. தாழ்மைக்குத் தண்டனைச் சட்டம் தேவைப்பட்டது என்றால், அது எவ்வளவு கைவிடப்பட்டிருந்தது என்பது விளங்கும்.

திருச்சபையிலிருந்து இவ்வழக்கம் அரண்மனைக்கும் சென்றது. இங்கிலாந்தில் ஜான் மன்னர் 1213-இல் ராச்சஸ்டர் நகரில் 13 ஏழைகளுக்குத் தலைக்கு 13 பென்னி வழங்கினார். பிற்காலத்தில் ஏழைகளின் தொகை அரசரின் வயதைப் பொறுத்தது. அரசி மேரி 1556-இல் கிரீனிச் அரண்மனையில் 41 ஏழைப் பெண்களின் பாதங்களைக் கழுவினார். அவருக்கு அப்போது 41-ஆம் வயது நடந்து கொண்டிருந்தது. கண்டவர் ஒருவர் அதனை விரிவாக எழுதியுள்ளார். அரசியார் ஒருத்தியிடமிருந்து அடுத்தவளிடம் முழங்காலிட்டபடியே நகர்ந்து, மண்டபத்தின் கோடிவரை சென்றார். ஒவ்வொரு பாதத்தையும் கழுவித் துடைத்து முத்தமிட்டார். இறுதியில் தம் அங்கியையே மிக வறியவளாய்க் கண்ட ஒரு மூதாட்டிக்குக் கொடுத்தார். ஆனால் அந்தப் பாதங்களை அரண்மனை ஊழியர் ஒருவரும், தருமம் வழங்கும் துணை அதிகாரியும், தலைமை அதிகாரியும் முன்னரே மும்முறை கழுவியிருந்தனர். அரசியின் கைக்கு எட்டியபோது அவற்றில் புழுதியேது?

அதனினும் பெரியது ஒன்றுண்டு. அந்த வியாழனுக்கு இரண்டு வாரங்கூட முந்தாத மார்ச்சு 21-ஆம் நாள், மாற்றுச் சமயக் கொள்கையினர் என்று பேராயர் கிரான்மரை ஆக்ஸ்போர்டில் எரித்துக் கொன்றது அவ்வரசியின் ஆட்சியே. மேரியின் முத்தம் நடிப்பு என்று சொல்லத் துணிவதற்கில்லை. அவர் உள்ளம் உருகியே முழங்காலிட்டிருக்கலாம். ஏழை மூதாட்டியின் முன் பணிந்த அந்த உள்ளம், தன்னோடு கருத்து வேறுபட்டவன் முன் பணியவில்லை. யூதாசின் காலும் விலக்கப்படவில்லை என்பதை அரண்மனைச் சடங்கு மறந்துவிட்டது.

அவருக்குப் பின் வந்த எலிசபெத் அரசியாரும் 1573-இல், தம் 39-ஆம் வயதில், அதே முறைப்படி 39 பெண்களின் பாதங்களைக் கழுவினார். வெந்நீரில் நறுமலர் இட்டிருந்தனர். அரசியார் மெத்தைமேல் முழங்காலிட்டார். தம் கையால் கழுவிய கடைசி மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் (1685) என்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் கழுவுதல் அறவே நின்று, காசு வழங்குதல் மட்டும் எஞ்சியது. 2023-இல் யார்க்குப் பேராலயத்தில் மூன்றாம் சார்லஸ் மன்னர் 74 ஆடவர்க்கும் 74 பெண்டிர்க்கும் காசுப் பைகள் வழங்கினார். நீர் இல்லாத அச்சடங்கில் அதிகாரிகள் இன்றும் இடையில் வெள்ளைத் துண்டு கட்டி நிற்கின்றனர்.

கத்தோலிக்கத் திருச்சபையில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் செய்த சீர்திருத்தத்தால், பாதம் கழுவுதல் வியாழன் மாலைத் திருப்பலியின் நடுவே இடம் பெற்றது. எனினும் அது ஆடவர்க்கே உரியதாயிருந்தது. 2013-இல் பாப்பரசர் பிரான்சிஸ் உரோமை நகரின் இளங்குற்றவாளிகள் சிறைக்குச் சென்று 12 பேரின் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் இருவர் பெண்கள், இருவர் முஸ்லிம்கள். முறை தவறிற்று என்று முணுமுணுத்தோர் பலர். 2016-இல் விதியே திருத்தப்பட்டது.

2025 ஏப்பிரல் 17, பெரிய வியாழன். நோயிலிருந்து முற்றும் தேறாத 88 வயதுப் பிரான்சிஸ், சக்கர நாற்காலியில் உரோமை நகரின் ரெஜினா சேலி சிறைச்சாலைக்குச் சென்றார். இம்முறை பாதம் கழுவ இயலவில்லை, ஆயினும் உங்கள் அருகில் இருக்க விரும்பினேன் என்ற கருத்தைக் கைதிகளிடம் கூறினார். நான்கு நாள் கழித்து அவர் காலமானார்.