மண் தந்த மருந்தும் மண்ணில் உறையும் நோயும்

ஒருவர் உடலின் உறுப்பை மற்றொருவர் உடலிற் பொருத்தி உயிர் காத்தல் இருபதாம் நூற்றாண்டின் அருஞ்செயல்களுள் ஒன்று. அதன் வரலாற்றைக் கூறுவோர் சத்திரவைத்தியரின் கைத்திறனையே பெரிதும் போற்றுவர். அத்திறன் போற்றுதற்குரியதே. ஆயினும், உறுப்புப் பொருந்திய பின்னர் அந்நோயாளி எந்தக் காற்றைச் சுவாசித்தார், எந்த நீரில் நீராடினார், எந்த மண்ணைத் தொட்டார் என்பவையும் அவரது வாழ்வையும் சாவையும் பலமுறை தீர்மானித்தன. அதிகம் பேசப்படாத அந்த வரலாற்றையே நேயர்களுடன் இன்று சிந்திக்க விரும்புகின்றேன்.

1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் யோசப் மரே என்னும் சத்திரவைத்தியர் ஒருவரது சிறுநீரகத்தை எடுத்து, அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். அவ்விருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். ஆகவே வந்த சிறுநீரகத்தை உடல் அந்நியமாகக் கருதவில்லை. ஏனையோருக்கு இவ்வாய்ப்பு இல்லை. நோய்க்கிருமிகளை எதிர்த்து நம்மைக் காக்கும் ஆற்றலே பிறர் உறுப்பையும் பகையென எண்ணித் தாக்கும். அந்தக் காவலை அடக்குவதற்கு, முதலில் உடல் முழுவதும் ஊடுகதிர்களைப் பாய்ச்சிப் பார்த்தனர். காவல் அடங்கியது, ஆனால் கோட்டை வாயில் திறந்தே கிடந்தது. நோயாளரைத் தனியறைகளில் வைத்துப் பேணியும், பலர் கிருமித்தொற்றினால் மாண்டனர். 1962இல் அசதையோபிரின் என்னும் மருந்தின் துணையால், இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தைப் பொருத்துவதும் கைகூடிற்று. எனினும் அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. காவலன் விழித்திருந்தால் விருந்தினனைத் துரத்துகின்றான். உறங்கினாலோ கள்வன் உட்புகுகின்றான்.

இச்சிக்கலை உலகமே கண்டது 1967ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள், தென்னாபிரிக்காவின் கேப் ரவுண் நகரில் கிறிஸ்ரியன் பேர்னாட் முதன்முதலாக ஒரு மனிதரின் இருதயத்தை மற்றொரு மனிதருக்குப் பொருத்தினார். புதிய இருதயம் செவ்வனே துடித்தது. ஆனால் 18 நாட்களில் அந்நோயாளி இறந்தார். அவரைக் கொன்றது இருதயத்தின் தளர்ச்சியன்று; சுவாசப்பைகளைப் பற்றிய நியூமோனியாவே.

அடுத்த பெருந் திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நோர்வே நாட்டின் ஹார்டாங்கர் மேட்டு நிலத்திலிருந்து எடுத்த ஒரு பிடி மண், சுவிற்சர்லாந்தின் பேசல் நகரிலிருந்த மருந்து நிறுவனமொன்றின் ஆய்வுகூடத்தை அடைந்தது. அம்மண்ணில் வாழ்ந்த பூஞ்சணம் ஒன்றிலிருந்து கிடைத்த பொருளே சைக்கிளோஸ்போரின். அது உடலின் எதிர்ப்பை அடக்கவல்லது என்பது 1972இல் அங்கு புலனாயிற்று. 1978இல் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரில் றோய் கான் என்னும் பேராசிரியர் அதனை நோயாளருக்கு வழங்கினார். 1983இல் அமெரிக்க அரசும் அதற்கு அனுமதி அளித்தது. பின்னர் வந்த ரக்ரோலிமஸ் யப்பானிய மண்ணிலும், சிறோலிமஸ் பசிபிக் கடலிலுள்ள ஈஸ்ரர் தீவின் மண்ணிலும் வாழும் நுண்ணுயிர்களிலிருந்து பெறப்பட்டவை. உறுப்பு மாற்றுச் சிகிச்சை உலகெங்கும் பரவியமைக்கு மண்ணுக்கு நாம் கடன்பட்டுள்ளோம் எனின், அது மிகையன்று.

ஆனால் மருந்தைத் தந்த அதே மண் நோயையும் தன்னுள் வைத்திருந்தது. 1729இல் இத்தாலியத் தாவரவியலறிஞர் மிக்கேலி ஒரு பூஞ்சணத்தை விவரித்தார். அதன் வடிவம் தேவாலயங்களிற் புனித நீர் தெளிக்கும் கருவியை ஒத்திருந்ததால், அக்கருவியின் பெயரைத் தழுவி அஸ்பெர்ஜில்லஸ் என அதற்குப் பெயரிட்டார். அதன் வித்திகள் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு அளவே உடையவை. அழுகும் இலையிலும், எருக்குவியலிலும், இடிந்த சுவரின் தூசியிலும் அவை நிறைந்துள்ளன. நாம் யாவரும் அவற்றை நாள்தோறும் சுவாசிக்கின்றோம். நம் உடல் அவற்றை எளிதில் அழித்துவிடுகின்றது. காவல் அடக்கப்பட்ட உடலிலோ அவை சுவாசப்பையில் வேரூன்றி வளரும். வைத்தியசாலையைப் புதுப்பிக்கச் சுவரை இடித்தபோது எழுந்த தூசியே அங்கிருந்த நோயாளருக்கு நஞ்சாகிய சம்பவங்கள் பல நாடுகளிற் பதிவாகியுள்ளன.

நீரின் கதையும் இதனை ஒத்ததே. 1976 யூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் முன்னாட் படைவீரர் மாநாட்டிற்கு வந்தோரிடையே இனந்தெரியாத நியூமோனியா பரவிப் பலர் மடிந்தனர். அதற்குக் காரணமான லெஜியோனெல்லா என்னும் பற்றீரியா 1977இல் இனங்காணப்பட்டது. 1979இல் அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு கிருமி, பிற்ஸ்பேர்க் நகரிற் சிறுநீரகம் மாற்றப்பட்டோரின் சுவாசப்பைகளிற் காணப்பட்டது. 1980இல் ஒக்ஸ்போட் நகரின் உறுப்பு மாற்றுப் பிரிவொன்றில் நோயாளரைப் பற்றிய லெஜியோனெல்லா, அவர்கள் நீராடிய பூந்தூறற் குழாய்களிலேயே இருந்தமை வெளியாயிற்று. தூய்மைக்கெனத் திறந்த குழாயே கிருமியைச் சொரிந்தது. வெதுவெதுப்பான நீரில் இக்கிருமி பெருகும். 60 பாகை வெப்பமுள்ள நீரில் விரைவில் மடியும்.

இவை தூரதேசத்துச் செய்திகள் என நாம் அமைந்திருத்தல் ஆகாது. 1912இல் இரங்கூனில் விற்மோர், கிருஷ்ணசுவாமி என்னும் இரு வைத்தியர்கள் மெலியோய்டோசிஸ் என இன்று வழங்கும் நோயை முதன்முதலில் விவரித்தனர். 1927இல் இலங்கையிலும் அது பதிவாயிற்று. அதன் கிருமி ஈரமண்ணிலும் வயற்சேற்றிலும் வாழ்வது, மழைக்காலத்தில் மிகுவது. நீரிழிவு உள்ளோரையும், சிறுநீரகம் பழுதுற்றோரையும், எதிர்ப்பாற்றல் குன்றியோரையும் அது சிறப்பாகத் தாக்கும். மாற்றுச் சிறுநீரகத்துடன் வீடு திரும்பும் கமக்காரர் ஒருவருக்கு அவர் உழுத வயலே ஆபத்தாகலாம் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

இவ்வரலாறு தரும் பாடங்கள் எளியவை. நுண்துகள்களைத் தடுக்கும் வடிகட்டிகள் இன்று வைத்தியசாலைக் காற்றைத் தூய்மை செய்கின்றன. கட்டட வேலை நிகழும் பகுதியை நோயாளரிடமிருந்து மறைத்துப் பிரிக்கின்றனர். நீர்க்குழாய்களைச் சோதிக்கின்றனர். வீட்டிலோ அப்பொறுப்பு நோயாளருக்கும் உறவினருக்கும் உரியது. குடிநீரைக் கொதிக்க வைத்தல், சேற்றில் வெறுங்காலுடன் இறங்காமை, மண்ணைக் கையாளும்போது கையுறை அணிதல், தூசியும் எருவும் புறாக்களின் எச்சமும் உள்ள இடங்களை விலக்கல், கைகளை நன்கு கழுவுதல் ஆகியவை சிறு செயல்கள்போலத் தோன்றும். காய்ச்சல் கண்டவுடன் காலந்தாழ்த்தாது வைத்தியரை நாடுதலும், தாம் புழங்கிய இடங்களை அவருக்கு எடுத்துரைத்தலும் இவற்றோடு சேர்க்கத்தக்கவை.

சத்திரவைத்தியர் சில மணி நேரத்தில் ஓர் உறுப்பைப் பொருத்திவிடுகின்றார். அதனை ஈந்தவரோ தம் உடலின் ஒரு பகுதியையே கொடுத்துள்ளார். சிலர் இறந்தும் கொடுத்துள்ளனர். அக்கொடையைக் காக்கும் பணி சத்திரசிகிச்சைக் கூடத்தில் முடிவதில்லை. சுவர் இடிக்கும் தொழிலாளி, நீர்க்குழாய் பொருத்துவோர், தரை துடைக்கும் ஊழியர், வீட்டில் நீர் காய்ச்சும் தாய் ஆகிய அனைவருக்கும் அதிற் பங்குண்டு.