ராக்கெட் பாயாத பொம்மையும் அஞ்சேகால் லட்சம் டாலரும்

1/
வழக்கமா சர்க்கரை, பிரஷர், டெங்குன்னு எழுதற டாக்டர் இன்னைக்கு பொம்மைக் கம்பெனி வரலாறு எழுதறேன். என்னடா இதுன்னு ஓடிடாதீங்க. கொஞ்சம் நீளமான த்ரெட்தான். ஆனா கடைசியில உங்க வீட்டுக்குத் தேவையான ஒரு விஷயம் இருக்கு.

2/
2024ல் அமெரிக்காவில் ஒரு பொம்மை ஏலத்துக்கு வந்தது. உயரம் மூணே முக்கால் இன்ச். நம்ம நடுவிரலை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். போன விலை 5,25,000 டாலர். நம்ம பணத்துல நாலு கோடி ரூபாய்க்கு மேல!

இத்தனைக்கும் அது எந்தக் கடையிலும் விற்கப்படாத பொம்மை. ஏன் விற்கப்படலை? அங்கேதான் என் துறை உள்ளே வருது.

3/
முதல்ல கொஞ்சம் பின்னணி.

1964ல் ஹாஸ்ப்ரோ கம்பெனி 'ஜி.ஐ. ஜோ' என்ற ராணுவ வீரர் பொம்மையைக் கொண்டு வந்தது. உயரம் 12 இன்ச். கை கால் எல்லாம் மடங்கும், சட்டை மாத்தலாம். அப்படிப் பார்த்தா அதுவும் பார்பி மாதிரி ஒரு பொம்மைதான். ஆனா ஆம்பளைப் பசங்களுக்கு 'டால்'னு சொல்லி வித்தா எந்த அப்பா வாங்கித் தருவார்? அதனால புதுப் பெயர் வைத்தார்கள்: 'ஆக்‌ஷன் ஃபிகர்'. பொருள் பழசு, பெயர் புதுசு. இந்தத் தொழிலின் முதல் வியாபார தந்திரமே ஒரு சொல்தான்!

4/
நம்ம கதையின் நாயகன் இன்னொரு கம்பெனி. பெயர் கென்னர். அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் ஸ்டைனர் என்ற குடும்பப் பெயர் கொண்ட அண்ணன் தம்பிகள் மூணு பேர் 1940களில் தொடங்கியது. 1967ல் ஜெனரல் மில்ஸ் என்ற உணவுக் கம்பெனி இதை வாங்கிவிட்டது. ஆமாங்க, காலை உணவு சீரியல் விற்கிற கம்பெனிதான்.

5/
1976, 77 வாக்கில் ஸ்டார் வார்ஸ்னு ஒரு படம் தயாராகிட்டு இருந்தது. அதன் பொம்மை உரிமை மேகோ என்ற கம்பெனிக்குப் போயிருக்கணும். அன்னைக்கு சூப்பர் ஹீரோ பொம்மைகளில் மேகோதான் ராஜா. அவங்க வேணாம்னு சொல்லிட்டாங்க. விண்வெளிப் படமெல்லாம் ஓடுமா என்ற சந்தேகம்.

கென்னர் எடுத்துக்கிட்டது. 1982ல் மேகோ திவால் மனு கொடுத்தது. அதுக்கு இது ஒண்ணு மட்டும் காரணம் இல்லை. ஆனாலும் தொழில் வரலாற்றில் இப்படி ஒரு 'வேணாம்' அபூர்வம்.

6/
கென்னர் எடுத்த பெரிய முடிவு, உயரம். ஏன் மூணே முக்கால் இன்ச்?

யோசிச்சுப் பாருங்க. படத்தில் ஆளுங்களை விட விண்கலங்கள்தான் ஹீரோ. 12 இன்ச் பொம்மை உட்காரும் அளவுக்கு விண்கலம் செய்தா அது வீட்டுக்குள்ளேயே நுழையாது. ஆளைச் சின்னதாக்கினா? விண்கலத்தையும் விற்கலாம், கோட்டையையும் விற்கலாம். சின்ன பொம்மைக்கு பிளாஸ்டிக்கும் குறைவு. ஒரு பொம்மை சுமார் ரெண்டு டாலர். குழந்தை தன் பாக்கெட் மணியில் வாங்கலாம். ஒண்ணோட நிக்காது, வரிசையா சேர்க்கும்.

'கலெக்‌ஷன்' என்ற பழக்கத்துக்கு விதை போட்டது இந்த உயரம்தான். 1982ல் ஜி.ஐ. ஜோவே இதே அளவுக்குக் குறைந்து திரும்பி வந்தார்.

7/
1977 மே மாதம் படம் வெளியானது. தியேட்டர் வாசலில் கூட்டம் தாங்கலை. ஆனா கென்னர் கையில் ஒரு பொம்மை கூட இல்லை! அச்சு வார்த்து, உற்பத்தி பண்ணி, கப்பல் ஏத்தி வர பல மாசம் ஆகும். கிறிஸ்துமஸ் நெருங்குது. அமெரிக்காவில் பொம்மை வியாபாரத்தின் தீபாவளி அதுதான்.

என்ன பண்ணாங்க தெரியுமா? காலி அட்டையை வித்தாங்க.

8/
கிண்டல் இல்லீங்க. 'எர்லி பேர்ட்' என்று ஒரு அட்டைக் கவர். உள்ளே நிற்க வைக்க ஒரு அட்டைப் படம், சில ஸ்டிக்கர்கள், ஒரு கிளப் உறுப்பினர் அட்டை, அதோட ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழை தபாலில் அனுப்பினால் 1978ல் நாலு பொம்மைகள் வீடு தேடி வரும்: லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2.

கிறிஸ்துமஸ் காலையில் ஆசை ஆசையா பரிசைப் பிரிச்ச குழந்தைக்குக் கிடைச்சது ஒரு வாக்குறுதி. பல பேர் சிரிச்சாங்க. ஆனா கென்னர் சொன்னபடி அனுப்பியது.

'காசு முதல்ல, பொருள் அப்புறம்' என்ற இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. மறுபடி வரும்.

9/
1978ல் கடைகளுக்குப் பொம்மைகள் வந்தன. முதல் வரிசையில் 12. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 4 கோடிக்கும் மேல் விற்றன. அடுத்த படம் 1980ல். அதுவரைக்கும் குழந்தைகள் மறக்காம இருக்கணுமே?

1979ல் ஒரு ஆஃபர் வந்தது. நாலு பொம்மை அட்டையில் இருந்து வாங்கியதற்கான அடையாளத்தை வெட்டி அனுப்பினால், அடுத்த படத்தில் வரப்போகும் போபா ஃபெட் இலவசம். ஸ்பெஷல் என்னன்னா, முதுகில் இருக்கிற பையில் இருந்து ஒரு குட்டி ராக்கெட் நிஜமாவே பாயும்.

10/
இங்கேதான் கதை திரும்புது.

மேட்டல் என்ற இன்னொரு கம்பெனி 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' தொடருக்கு விண்கலம் விற்றுக்கொண்டிருந்தது. அதிலும் பாயும் குட்டி ஏவுகணை உண்டு. 1978 டிசம்பரில் நாலு வயசுப் பையன் ஒருவன் அதை வாயில் வைத்து விளையாடும்போது அது பாய்ந்து மூச்சுக்குழாயில் அடைத்துக்கொண்டது. குழந்தை பிழைக்கவில்லை.

மேட்டல் அந்த ஏவுகணைகளைத் திரும்பப் பெற்றது. நாடு முழுக்க பெற்றோர்கள் பொம்மைப் பெட்டியைச் சந்தேகத்தோட பார்க்க ஆரம்பிச்சாங்க.

11/
கென்னர் கையில் அப்போ என்ன இருந்தது? விளம்பரம் போட்டாச்சு. குழந்தைகள் அட்டையை வெட்டி அனுப்ப ஆரம்பிச்சாச்சு. மாதிரி பொம்மைகளும் செஞ்சாச்சு. ராக்கெட் தானா பாயாதபடி பூட்டும் அமைப்பை மாற்றிக்கூடப் பார்த்தாங்க.

கடைசியில் முடிவு: ராக்கெட் வேண்டாம். பையோடு சேர்த்து நிரந்தரமா ஒட்டிட்டாங்க. அட்டையில் 'ராக்கெட் பாயும்' என்று இருந்த இடத்தை ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சாங்க. குழந்தைகளுக்குப் பொம்மையோட ஒரு கடிதமும் போனது: பாதுகாப்புக்காக ராக்கெட்டை எடுத்துட்டோம் என்று.

லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு ஏமாற்றம். ஒரு டாக்டரா சொல்றேன், அந்த ஏமாற்றம் நல்ல ஏமாற்றம்.

12/
1980 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் சின்ன உதிரிபாகங்களுக்கான விதி அமலுக்கு வந்தது. அதுக்கு ஒரு குழல் வெச்சிருக்காங்க. குறுக்களவு ஒண்ணேகால் இன்ச், கிட்டத்தட்ட 3.2 செ.மீ. சின்னக் குழந்தையின் தொண்டையை மனசுல வெச்சு செஞ்ச அளவு. 3 வயசுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பொம்மையில் எந்தப் பாகமும் அந்தக் குழலுக்குள் முழுசா அடங்கக் கூடாது. 3 முதல் 6 வயசுக்கான பொம்மைகளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம் என்ற சட்டம் 1994ல் வந்தது.

இன்னைக்குப் பெட்டி மேல நாம படிக்காமக் கிழிச்சுப் போடற அந்தச் சின்ன எழுத்துக்குப் பின்னாடி இப்படிக் குழந்தைகள் இருக்காங்க.

13/
சரி, கம்பெனிக்கு வருவோம். 1983ல் மூணாவது படம் முடிஞ்சது. 1985ல் பொம்மையோட உலோக நாணயம் எல்லாம் கொடுத்துப் பார்த்தாங்க, எடுபடலை. வரிசையை நிறுத்திட்டாங்க. ஜெனரல் மில்ஸ் கென்னரைத் தனியா கழட்டி விட்டது. 1987ல் டோங்கா வாங்கியது. 1991ல் டோங்காவை ஹாஸ்ப்ரோ வாங்கியது. ஜி.ஐ. ஜோவும் லூக்கும் ஒரே கூரைக்குக் கீழ வந்துட்டாங்க!

14/
1995ல் பொம்மைகள் திரும்ப வந்தன. எல்லாருக்கும் ஜிம்முக்குப் போன உடம்பு. லூக்கைப் பார்த்தா பாடி பில்டர் மாதிரி இருப்பார். ஆனா பெரிய மாற்றம் பொம்மையில் இல்லை, வாங்கறவங்க கிட்ட.

1978ல் எட்டு வயசா இருந்த பையனுக்கு இப்போ 25 வயசு, கையில் சம்பளம். அவன் ஒரே பொம்மையை ரெண்டா வாங்கினான். ஒண்ணு பிரிக்க, ஒண்ணு பிரிக்காம வைக்க. பழைய பொம்மை நல்ல விலை போகுதே, இதுவும் ஒருநாள் போகும் என்ற கணக்கு.

15/
கணக்கு தப்பாப் போச்சு. ஏன்?

பழைய பொம்மைக்கு விலை வந்ததே குழந்தைகள் அதை உடைச்சதாலதான். மண்ணில் புதைச்சு, கையை ஒடிச்சு, துப்பாக்கியைத் தொலைச்சு, நாய் கடிச்சுப் போனது போக, மிச்சம் இருந்த சிலதுக்குத்தான் மவுசு. எல்லாரும் பத்திரமா வெச்சா எல்லார்கிட்டயும் இருக்கும். எல்லார்கிட்டயும் இருக்கிற பொருளுக்கு யார் காசு கொடுப்பா?

1999 மே 3 நள்ளிரவில் புதுப் படத்துக்கான பொம்மைகளுக்குக் கடை திறந்தப்போ வரிசையில் நின்ன பலர் வளர்ந்தவங்கதான். அப்புறம் அந்தச் சரக்கு கடைகளில் நீண்ட நாள் தேங்கிக் கிடந்தது.

16/
ஹாஸ்ப்ரோ இதில் பாடம் படிச்சது. குழந்தைக்கு ஒரு வரிசை, பெரியவங்களுக்கு ஒரு வரிசைன்னு பிரிச்சது. 2010ல் பழைய கென்னர் அட்டை மாதிரியே அச்சடிச்ச 'விண்டேஜ் கலெக்‌ஷன்'. 2013ல் ஆறு இன்ச் 'பிளாக் சீரிஸ்'.

2010ல் ஒரு அழகான வேலையும் செஞ்சாங்க. அட்டையை வெட்டி அனுப்பினா போபா ஃபெட், ராக்கெட் நிஜமாவே பாயும்! 31 வருஷம் கழிச்சு வாக்குறுதியைக் காப்பாத்திட்டாங்க. ஆனா அட்டையை வெட்டி அனுப்பினவங்கள்ல நிறைய பேருக்கு வயசு 40.

17/
2018. அமெரிக்காவில் டாய்ஸ் ஆர் அஸ் கடைகள் மூடப்பட்ட வருஷம். அதே வருஷம் ஹாஸ்ப்ரோ 'ஹாஸ்லேப்' ஆரம்பிச்சது. நாலு அடி நீள ஜப்பாவின் கப்பல், விலை 499.99 டாலர். 5,000 பேர் முன்கூட்டி ஆர்டர் கொடுத்தால்தான் செய்வோம்னு நிபந்தனை. 8,000 பேருக்கு மேல் கொடுத்தாங்க. 2019ல் வீட்டுக்கு வந்தது.

எர்லி பேர்ட் ஞாபகம் வருதா? காசு முதல்ல, பொருள் அப்புறம். 1977ல் வேற வழியில்லாம செஞ்சது, 2018ல் வியாபாரத் திட்டம்!

எப்பவும் எடுபடும்னும் இல்லை. 2021ல் ரேங்கர் என்ற மிருகத்துக்கு 9,000 பேர் கேட்டாங்க, தேறலை. கைவிட்டாங்க.

18/
ஆக 47 வருஷத்தில் நடந்தது இதுதான். ரெண்டு டாலர் பொம்மை, பாக்கெட் மணி வெச்சிருக்கிற குழந்தைக்கு. அப்புறம் அதே ஞாபகம், கிரெடிட் கார்டு வெச்சிருக்கிற அதே ஆளுக்கு. கடைசியில் ஏலத்தில் அஞ்சேகால் லட்சம் டாலருக்குப் போனது ராக்கெட் பாயும் போபா ஃபெட்டின் மாதிரி. கடைக்கே வராம நிறுத்தின பொம்மைக்கு உச்ச விலை.

19/
இப்போ நான் ஏன் இதை எழுதறேன்னு சொல்றேன்.

சில வருஷம் முன்னாடி ஒன்றரை வயசுக் குழந்தையைக் கொண்டு வந்தாங்க. ரெண்டு நாளா இருமல், இளைப்பு. ஆஸ்துமான்னு நெபுலைசர் வெச்சும் குறையலை. ஸ்டெத் வெச்சா வலது பக்கம் மட்டும் காற்று சரியாப் போகலை. எக்ஸ்-ரேயில் பொருள் எதுவும் தெரியலை. பிளாஸ்டிக் எக்ஸ்-ரேயில் தெரியாது. ஆனா வலது நுரையீரல் மட்டும் ஊதின மாதிரி இருந்தது.

மயக்க மருந்து கொடுத்து ஸ்கோப் போட்டு எடுத்தது என்ன தெரியுமா? அரிசிப் பருக்கையை விடக் கொஞ்சம் பெரிய ஒரு துப்பாக்கி. பொம்மையோட கையில் இருக்குமே, அது.

20/
அப்பா பொம்மை சேர்க்கிறவர். "சார், அது விளையாட்டுச் சாமான் இல்ல சார், கலெக்‌ஷன். ஷோகேஸ்லதான் இருக்கும்" என்றார். குரல் உடைஞ்சு போச்சு. நான் திட்டலை. திட்டி என்ன ஆகப்போகுது? குழந்தை பிழைச்சுது, அது போதும்.

ஆனா கம்பெனி பெட்டி மேல பெரியவங்களுக்கானதுன்னு எழுதலாம். ஒன்றரை வயசுக்கு அதைப் படிக்கத் தெரியாதுங்க.

21/
அதனால சில விஷயங்கள் மட்டும்:

✅ பழைய கேமரா ஃபிலிம் ரோல் டப்பா ஞாபகம் இருக்கா? ஏறக்குறைய அந்தக் குழல் அளவுதான். அதுக்குள்ள அடங்கற எதுவும் 3 வயசுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு எட்டக் கூடாது. பொம்மைத் துப்பாக்கி, பட்டன் பேட்டரி, புளியங்கொட்டை, வேர்க்கடலை எல்லாம் சேர்த்துதான்.

✅ இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பார்த்து வாங்குங்க.

✅ நல்லா இருந்த குழந்தைக்குத் திடீர்னு இருமல், ஒரு பக்கம் மட்டும் இளைப்புன்னா, எதையாவது வாயில் போட்டுச்சான்னு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க.

22/
✅ அடைச்சுக்கிட்ட குழந்தை சத்தமா இருமினா இரும விடுங்க. இருமவோ அழவோ முடியலைன்னா உடனே செயல்படணும். ஒரு வயசுக்குக் கீழ்: தலை தாழ்வா குப்புறப் பிடிச்சு முதுகில் 5 தட்டு, திருப்பி நெஞ்சின் நடுவில் 5 அழுத்து, மாத்தி மாத்தி. ஒரு வயசுக்கு மேல்: முதுகில் 5 தட்டு, பின்னாடி நின்னு தொப்புளுக்கு மேல் உள்நோக்கி மேலே 5 அழுத்து. இன்னொருத்தர் 108க்குக் கூப்பிடட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தேடாதீங்க, இன்னும் உள்ளே போகும்.

23/
பொம்மை சேர்க்கிற நண்பர்களே, தாராளமா சேருங்க. உங்க எட்டு வயசு சந்தோஷத்தை யாரும் குறை சொல்லலை. ஷோகேஸுக்கு ஒரு பூட்டு மட்டும் போடுங்க. 1979ல் ஒரு கம்பெனி தன் பொம்மையோட ராக்கெட்டை ஒட்டி வெச்சதே, அதே அக்கறைதான்.

சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு இதை அனுப்பி வைங்க 🙏