குட்டியின் முதல் ஊசி

டிஸ்டெம்பர் வந்த நாய்க்குட்டியை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். காய்ச்சலில் உடம்பு கொதிக்கும். மூக்கில் சளி ஒழுகும், பீளை கட்டி இமைகள் ஒட்டிக்கொள்ளும், இருமல் நிற்காது. தேறிவிட்டது என்று நாம் மூச்சு விடும் நேரத்தில் தாடை வெட்டிவெட்டி இழுக்கும், வலிப்பு வரும். குட்டிக்குப் போடும் முதல் ஊசி இந்த நோயையும் தடுக்கத்தான்.

1905-இல் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் ஆன்ரி கார்ரே, நோயுற்ற நாயின் மூக்குநீரை பாக்டீரியா புகமுடியாத வடிகட்டியில் வடித்து, வடிந்ததை வேறு நாய்களுக்குச் செலுத்தினார். அவையும் நோயில் விழுந்தன. காரணம் வைரஸ்தான் என்றார் அவர். பலர் ஏற்கவில்லை. நோயுற்ற நாய்களின் மூச்சுக்குழாயில் கிடைத்த ஒரு பாக்டீரியாவையே குற்றவாளி என்றார்கள். வழக்கு இருபது ஆண்டு இழுத்தது.

அதைத் தீர்க்கப் பணம் கொடுத்தவர்கள் நாய் வளர்த்தவர்கள். 1920-களில் இங்கிலாந்தின் ‘தி ஃபீல்டு’ இதழ் வாசகர்களிடம் நிதி திரட்டியது. லண்டனின் வடக்கே மில் ஹில் பண்ணையில் பாட்ரிக் லெய்ட்லாவும் கால்நடை மருத்துவர் டங்கினும் வேலையைத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து வாங்கும் நாய்க்கு நோய் ஏற்கெனவே வந்து போயிருக்கலாம், சோதனை பொய்த்துவிடும். அதனால் வேலிக்குள்ளேயே நாய்களை ஈன வைத்து வளர்த்தார்கள். கிருமிநாசினியில் குளித்து, உடை மாற்றிய பிறகே பணியாளர் உள்ளே போகலாம்.

கீரிபோல் மெலிந்து நீண்ட ஃபெரட்டுக்கும் இந்த நோய் தொற்றும், தொற்றினால் பிழைப்பது அரிது என்பது சோதனைக்குப் பெரிய துணையாயிற்று. கார்ரே சொன்னதே மெய் என்று உறுதியானது. 1928 வாக்கில் தடுப்பு முறை கைக்கு வந்தது: முதலில் ஃபார்மலினில் கொன்ற வைரஸ், சில நாள் கழித்து உயிருள்ள வைரஸ்.

1933-இல் மனிதரின் ஃப்ளூவுக்குக் காரணம் தேடியபோது, நோயாளியின் தொண்டை கழுவிய நீரை ஃபெரட்டின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும். ஃபெரட் தும்மியது, மனித ஃப்ளூ வைரஸ் பிடிபட்டது. நாய்க்காகக் கற்ற பாடம் மனிதரைக் காக்க வந்தது.

இத்தனை பாடுபட்டுப் பிறந்த டிஸ்டெம்பர் ஊசியை நம்மில் பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறோம். சீம்பாலில் தாய் கொடுத்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி மருந்தை வேலை செய்யவிடாது. அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறு. அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரமாகும்வரை இடைவெளி விட்டுத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். தடுப்பூசி அட்டையில் மருத்துவர் குறித்துக் கொடுக்கும் அடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள்.