ஈஸ்ட்ரோஜன்: ஆண் விலங்குகளின் மூளையில்

ஈஸ்ட்ரோஜனைப் ‘பெண் ஹார்மோன்’ என்றே பாடநூல்கள் சொல்லிப் பழக்கிவிட்டன. ஆனால் ஆண் விலங்கின் மூளையும் அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. விரைகளிலிருந்து இரத்தத்தின் வழியே வரும் டெஸ்டோஸ்டிரோனை, அரோமட்டேஸ் என்ற நொதி எஸ்ட்ரடையாலாக மாற்றுகிறது. ஈஸ்ட்ரோஜன் வகைகளில் வீரியம் மிக்கது இதுதான்.

ஊக்கத்தில் இதன் பங்கைத் தெளிவாகக் காட்டிய பறவை ஜப்பானியக் காடை. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் ஆண் காடைகளின் மூளைக்குள் அந்த நொதியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். பெடையை நாடும் ஆர்வம் அரைமணி நேரத்திலேயே குறைந்தது; புணரும் திறனோ குறையவில்லை. 2013இல் வெளிவந்த இந்த முடிவில் வேகம்தான் வியப்பு. ஸ்டீராய்டு ஹார்மோன்கள் பொதுவாக மரபணுக்களை இயக்கி, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ விளைவைக் காட்டுபவை. நிமிடங்களில் நிகழும் மாற்றத்துக்கு அந்தப் பாதை போதாது. செல்சவ்விலுள்ள ஏற்பிகள் வழியாக ஹார்மோன் நேரடியாகச் செயல்படுவதைப் பிந்தைய சோதனைகள் சுட்டின.

கற்றல் பக்கம் வந்தால், ஸீப்ரா ஃபின்ச் சிட்டு. இதில் ஆண் மட்டுமே பாடும். குஞ்சுப் பருவத்தில் மூத்த ஆணிடம் கேட்டே பாட்டைக் கற்கும். ஆண் சிட்டு பிற ஆண்களின் பாட்டைக் கேட்கும்போது, ஒலியை அலசும் முன்மூளைப் பகுதியில் எஸ்ட்ரடையால் அரைமணி நேரத்துக்குள் உயர்வதை 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்தனர்.

பாலூட்டிகளும் விலக்கல்ல. வளர்ந்த ஆண் எலியின் நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸிலுள்ள நியூரான்களே எஸ்ட்ரடையாலைத் தயாரிப்பதை 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நிறுவினர்.