பொது டிஎன்எஸ் வழங்கி (கைபேசி இணையம்)

இணையத்தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை. கைபேசி வழக்கமாகச் சிம் நிறுவனத்தின் வழங்கியையே கேட்கும், விரும்பினால் மாற்றலாம். கூகுளின் 8.8.8.8 (2009), தீங்கான தளங்களைத் தடுக்கும் குவாட்9-இன் 9.9.9.9 (2017), கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 (2018) ஆகியன பரவலானவை.

மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலை போன்ற ஊர்களில் பலருக்குக் கைபேசிதான் இணையம். அங்கே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: எந்த வழங்கியும் சிக்னலைக் கூட்டாது, டேட்டா வேகத்தையும் உயர்த்தாது. பெயர் தேடும் நேரம் மட்டுமே குறையக்கூடும். பதில் தொலைவிலிருந்து வந்தால் அதுவும் கூடிவிடும். ஆகவே சொந்த இடத்தில், சொந்த சிம்மில் சோதித்தே தெரிவுசெய்ய வேண்டும்.

ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள 'பிரைவேட் டிஎன்எஸ்' தேடலை மறைகுறியாக்கி அனுப்பும். இது வேகத்தைவிடப் பெரிய பயன். ஆனால் சிம் நிறுவனத்துக்கு மறைவது வழங்கி நடத்துபவருக்குத் தெரியும். நம்பிக்கை இடம் மாறுகிறது, அவ்வளவே. பிரைவேட் டிஎன்எஸ் அமைப்பு எண் முகவரியை ஏற்காது, பெயரையே ஏற்கும். கிளவுட்ஃபிளேர் எனில் 'ஒன்' என்ற ஆங்கிலச் சொல்லைப் புள்ளியிட்டு நான்கு முறை எழுத வேண்டும். ஓரெழுத்துப் பிழைத்தாலும், சிக்னல் நிறைந்திருக்க, ஒரு பக்கமும் திறக்காது.