முடி கவிழ்த்த விருந்து

உண்ணும்போது வாய் திறவாதே! இலைமுன் அமரத் தொடங்கிய நாளிலேயே நம்மனோர் கேட்ட முதற்பாடம் இது. வாய் சோற்றுக்குத் திறக்கலாம், சொல்லுக்குத் திறக்கலாகாது. பெரியவர் கை நனைத்த பின்பே சிறியவர் கை நனைக்க வேண்டும். மூத்தவர் எழுமுன் எவரும் பந்தியை விட்டு எழலாகாது. இம்முறைகள் இன்று ஒவ்வொன்றாய் உதிர்கின்றன. தட்டேந்தி நின்றபடியே உண்ணும் திருமணக் கூடங்களில், முதலில் எழுபவர் யார் என்ற வழக்குக்கே இடமில்லை. அமர்ந்தால் அன்றோ எழுவது! முறை போயிற்றே என்று முதியோர் வருந்துகின்றனர். நாம் வருந்தவில்லை. ஆனால், உண்ணும் முறைக்கும் உரைக்கும் உரிமைக்கும் உள்ள உறவை எண்ணும்போது, வரலாற்றேட்டின் ஒரு பக்கம் நம்முன் விரிகிறது. அங்கே விருந்து வாயை அடைக்கவில்லை, திறந்துவிட்டது.

இடம் பிரான்சு, ஆண்டு 1847. அரியணையில் லூயி பிலிப், 1830ஆம் ஆண்டுப் புரட்சி அமர்த்திய மன்னர். மக்கள் எழுச்சியால் வந்த முடி. அந்த மக்களுக்கோ வாக்கில்லை! ஆண்டுக்கு 200 பிராங்க் நேர்முக வரி செலுத்தும் வளமுடையோர்க்கே பொதுவாக வாக்கு. ஏறத்தாழ மூன்றரைக் கோடி மக்களில், வாக்காளர் இரண்டரை இலட்சம்கூட இல்லை. மாற்றம் வேண்டும் என்று கேட்கச் சங்கம் அமைக்கலாமா? இருபது பேருக்கு மேற்பட்டால் அரசின் இசைவு வேண்டும். 1834ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கட்டை மேலும் இறுக்கிற்று. ஆனால், நண்பர்கள் கூடி உண்பதை எந்தச் சட்டம் குற்றமென்னும்?

மேலைநாட்டு விருந்தில் பழைய மரபொன்று உண்டு. உணவு முடியும் வேளையில் ஒருவர் எழுவார், கிண்ணத்தை உயர்த்துவார், ஒருவரையோ ஒரு கொள்கையையோ வாழ்த்திச் சில சொல் சொல்வார், அனைவரும் பருகுவர். அந்தச் சில சொல்தான், எதிர்க்கட்சியினர் நாவில் நெடுஞ்சொற்பொழிவாய் வளர்ந்தது. 1847 ஜூலை 9ஆம் நாள், பாரிசின் ஷாத்தோ ரூழ் தோட்டத்தில் ஏறத்தாழ 1,200 பேர் அமர்ந்து உண்டனர். சீர்திருத்தத்துக்கு வாழ்த்து உண்டு, மன்னருக்கு வாழ்த்தில்லை! சொல்லாமல் விட்டதே உரத்த சொல்லாயிற்று. அடுத்த சில திங்களில், நாடெங்கும் ஏறத்தாழ எழுபது விருந்துகள் நடந்தன.

எல்லாம் இனித்தன என்று எண்ணிவிட வேண்டாம். நவம்பரில் லில் நகர விருந்தில், நடப்பிலிருந்த ஆட்சிமுறைக்கும் ஒரு வாழ்த்து வேண்டும் என்றார் மிதவாதி ஒடிலோன் பாரோ. மறுத்தனர்; அவர் விருந்தையே துறந்தார். குடியரசுவாதி லெட்ரு ரோலன் அங்கே முழங்கினார். டிசம்பரில் ரூவான் விருந்துக்குச் சென்ற எழுத்தாளர் பிளாபேரோ, ஆறிய வான்கோழியின் முன் ஒன்பது மணி நேரம் அமர்ந்திருந்ததாக நொந்துகொண்டார். பேச்சுரிமை வேண்டுவோர், பேச்சைக் கேட்டிருக்கும் கடமையையும் சுமக்கத்தான் வேண்டும்! கட்டணம் செலுத்த இயலாத உழைப்பாளி வெளியே நின்றான். பெண்கள் வந்தாலும், பெரும்பாலும் தனியிடத்தில் அமர்ந்து பார்த்திருந்தனர். உரிமை பேசிய பந்தியிலும் ஒதுக்கிடம் இருந்தது.

பாரிசில் நடக்கவிருந்த மற்றொரு விருந்துக்கு அரசு தடை விதித்தது. 1848 பிப்ரவரி 22 என நாள் குறித்தவர்கள், முன்னாள் இரவே அஞ்சிக் கைவிட்டனர். மக்கள் அஞ்சவில்லை, அழைப்பின்றியே தெருவுக்கு வந்தனர். 23ஆம் நாள் முதலமைச்சர் கிசோ பதவியிழந்தார். அன்றிரவு படையினர் சுட்டதில் ஏறத்தாழ ஐம்பது பேர் மாண்டனர். 24ஆம் நாள் மன்னர் முடி துறந்தார். பின்னர் இங்கிலாந்துக்கு ஓடினார். எழுபது விருந்துகள் அசைத்த அரியணையைக் கவிழ்த்தது, ஒரு கவளமும் பரிமாறப்படாத அந்த விருந்தே!

மார்ச்சில், வயது வந்த ஆடவர் அனைவர்க்கும் வாக்குரிமை அறிவிக்கப்பட்டது. வாக்காளர் தொகை ஏறத்தாழ தொண்ணூறு இலட்சமாயிற்று. பெண்களுக்கு? 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! பேச்சுக்கும் உடனே விடிவு வரவில்லை. அரசியல் மன்றங்களைத் தடுக்கும் ஆற்றலை, 1849இல் அதே குடியரசு சட்டமாக்கித் தன் கையில் எடுத்துக்கொண்டது. முன் இசைவின்றிப் பொதுக்கூட்டம் கூட்டும் உரிமையை 1881 ஜூன் 30ஆம் நாளின் சட்டமே வழங்கியது.

மேடை கிடைத்தபின் அரசியலுக்கு உணவு மேசை தேவைப்படவில்லை. வாழ்த்துக் கிண்ணம் மீண்டும் சில சொல்லுக்குச் சுருங்கியது. ஒரு வழக்கம் தேய்வதெல்லாம் வீழ்ச்சியன்று. அது சுமந்த வேலையைச் சட்டம் ஏற்றுக்கொண்டதால் தேய்ந்ததாயின், அது வெற்றி. பந்தி முறைகள் போனால் போகட்டும். ஆனால், தம் கருத்தைச் சொல்ல மக்கள் மீண்டும் விருந்துப் பெயரிலும் விழாப் பெயரிலும் ஒளிந்து கூட வேண்டிய நிலை எந்த நாட்டில் தோன்றுகிறதோ, அங்கே மேடை பறிபோகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நாட்டை ஆள்வோர், சமையற்கட்டைக் காவல் காப்பதை விட்டுச் சட்டப்புத்தகத்தைத் திருத்துவது நல்லது.