கயிறும் பாறையும்

1865 ஜூலை 14 அன்று மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக எட்டிய எழுவரில் நால்வர், இறங்கும் வழியில் விழுந்து மாண்டனர். ஒருவரின் கால் வழுக்க, அவரோடு பிணைந்திருந்த மூவரும் இழுபட்டனர். இடையில் கயிறு அறுந்தது. மற்ற மூவர் பிழைத்தனர்.

அறுந்த கயிற்றின் மெலிவு பெரிதும் பேசப்பட்டது. ஆனால் ஆழமான குறை வேறு: அக்கயிறு மனிதரை மனிதரோடு பிணைத்தது, பாறையோடு பிணைக்கவில்லை.

பாறையோடு பிணைக்கும் வித்தை மெல்லவே வந்தது. வேல்ஸ் மலைகளில் ஏறியவர்கள் 1920களில் பாறைப் பிளவுகளில் கூழாங்கற்களைச் செருகி, அவற்றில் கயிற்று வளையம் மாட்டினர். 1950களில் இயந்திர நட்டுகளின் மரையை அராவி, கயிறு கோத்துச் செருகினர். இரும்பு முளைகள் பாறையைச் சிதைப்பதைக் கண்ட இவான் ஷுனார்டின் நிறுவனம், 1972இல் தன் விலைப்பட்டியலிலேயே, கையால் செருகிக் கழற்றும் இந்த முறைக்கு மாறுமாறு கோரியது.

ஒரு கயிற்றின் நீளத்துக்கு மிஞ்சிய செங்குத்துப் பாறையில் இருவர் மாறி மாறியே ஏறுகின்றனர். முன்சென்றவர் பல பிடிமானங்களில் தம்மைக் கட்டிக்கொண்ட பின்னரே, கீழிருப்பவர் தம் கட்டை அவிழ்க்கிறார். வழியில் செருகியவற்றைக் கழற்றியபடி அவர் வருகிறார். கற்பவருக்குரிய இடமும் அதுவே. எது இறுகியிருந்தது, எது வெறுமனே தொங்கியது என்பதை அவர் விரல்களே அறிகின்றன.